மாமியாரை இல்லத்தில் விடுமுன்

அன்புள்ள விஜி,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் ரொம்ப சந்தோஷம். சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்கால மழை, துணி காய்ந்தபாடில்லை.

மாமியாரை முதியோர் இல்லத்தில் விடலாமா என்று கேட்டிருந்தாய். விடு. இடுப்பு ஒடிய நீயே எத்தனை நாள் தூக்குவாய்? நம் மலேசியாவின் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்த இடமா என்று முதலில் பார். அப்புறம், அங்குள்ள மிஸ்ஸிகள், அதாவது தாதிகள், குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனி. பல இடங்களில் கெட்ட சேதிக்கு மட்டும்தான் போன் வரும். அந்த நம்பரைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். நேரில் போய்க் கேட்டால் 'ஓகேதான்' என்பார்கள். அந்த 'ஓகே'யை நம்பாதே. என்ன சாப்பிட்டார், எப்போது புரட்டிப் படுக்க வைத்தீர்கள் என்று கேள்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதுதான் வழக்கம். தவறினால் படுக்கைப்புண். நம் கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு சுலபமாகத் தெரியாது. தொட்டால் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதை அன்றே வீட்டாரிடம் சொல்லிவிடும் மிஸ்ஸியிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை. புண் பெரிதான பிறகு தாங்களாகவே கண்டுபிடித்தால்தான் கத்துவார்கள். கத்தாமல் என்ன செய்வார்கள்?

நீங்களும் பேச வேண்டும். நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு பாட்டி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. மகள் வந்தபோதுதான் சொன்னார், அம்மா ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவராம். விடியுமுன் குளிரில்தானே பால் நன்றாக இறங்கும், அந்த நேரத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. இப்போது நாலு மணிக்குக் கோப்பி கொடுத்து வராந்தாவில் உட்கார வைக்கிறோம். மாத்திரைப் பேச்சே இல்லை.

அதனால் மாமியாரின் பழக்கங்களை ஒரு தாளில் எழுதிக் கொடு. மலாயிலும் எழுது, இரவில் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். உன் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் ஐந்து பேரும் தனித்தனியே போன் போடாதீர்கள். ஒருவர் கேட்டு மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும். யார் அந்த ஒருவர் என்பதிலேயே சண்டை வரும், தெரியும். உன் மூத்த நாத்தனாரிடம் மட்டும் கொடுத்துவிடாதே!

கையெழுத்துப் போடுமுன் அவர்கள் தரும் ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் யார் கூடப் போவது, ஆம்புலன்ஸ் காசு யாருடையது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சரோ