மட்டையில்லாமல் நிற்கிற கோல் காப்பாளர்

திருகோணமலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் யூரியூப் இணைப்பும் கிடைத்தன. மகள் யூனிஹொக்கியில், அதுதான் ஃபுளோர்போல் என்கிற மண்டபத்துக்குள் ஆடும் ஹொக்கியில், சேர்ந்துவிட்டாளா, நல்ல சந்தோசம். இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, முற்றத்தைக் கூட்டி முடியாது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான்.

சரி, நீ அனுப்பிய மட்ச் கதைக்கு வருகிறேன். 2019 உலகக் கிண்ண அரையிறுதி. நியூஷாத்தலில், சொந்தச் சனத்துக்கு முன்னால், சுவிஸ் பெண்கள் செக் அணியிடம் 6-2 என்று பின்தங்கி நிற்கிறார்கள். நான் என்றால் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன். கடைசி நிமிடங்களில் நாலு கோல் போட்டுச் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 7-6! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இறுதியாட்டத்தில் சுவீடன் 3-2 என்று வென்றது, அதுவும் மேலதிக நேரத்தில். வயிற்றெரிச்சல்தான். 2007 முதல் 2023 வரை சுவீடன்காரிகள் ஒரு கிண்ணத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2005இல் சிங்கப்பூரில் வென்றது உன் சுவிஸ் என்று நினைத்து ஆறிக்கொண்டேன்.

ஆனால் என் கண் முழுக்கக் கோல் காப்பாளரில்தான். மற்ற ஐந்து பேருக்கும் மட்டை, அவளுக்கு மட்டும் வெறுங்கை. முகத்துக்கு வலைக் கவசம் போட்டு, முழங்காலில் நின்று, நெஞ்சையும் தோளையும் கொடுத்து மறிக்கிறாள். பந்து 23 கிராம், உடம்பெல்லாம் ஓட்டை. அதற்காக வலிக்காது என்று சொல்லிவிடாதே. நான் வலைப்பந்தில் கோல் காத்த காலத்தில் மூன்றடி தள்ளி நின்று கையைத்தானே உயர்த்தினேன்!

எனக்கு இன்னும் பிடித்தது ஆள் மாற்றுகிற விதம். ஒரு நிமிடம் போல ஓடுகிறார்கள், ஆடுகளத்தைச் சுற்றி நிற்கிற பலகையைத் தாண்டி வெளியே வருகிறார்கள், அடுத்த ஐந்து பேர் உள்ளே. நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதேயில்லை. இருபது பேர் கொண்ட அணியில் பெரும்பாலானோருக்குக் கால் ஓய்வதில்லை. எங்கள் பள்ளி அணியில் மேலதிக வீராங்கனைகள் தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல் இருந்தே படிப்பை முடித்தார்கள், ஞாபகமா? அந்தப் பிள்ளைகளுக்கென்றே செய்த விளையாட்டு இது.

இங்கே ஆடிப் பார்க்க ஆசைதான். கடற்கரையில் சரிவராது, இந்தப் பந்து கச்சானோடு போய்விடும். முழு ஆடுகளம் 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். அப்படி மண்டபத்துக்கு எங்கே போவது? பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் பாடசாலை மண்டபம் போதும். சுற்றிவரப் பலகை அரை மீற்றர் உயரம்தானே, வாங்குகளைச் சரித்து அடுக்கலாம்.

நீ ஆவணியில் வரும்போது ஏழெட்டுப் பந்தும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அளவான மட்டை நாலைந்தும் கொண்டு வா. பழசென்றாலும் பரவாயில்லை. சொக்லேட்டைக் குறைத்தாவது இடம் பிடி. அப்புறம், மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று எழுது. கோல் காப்பாளர் என்றால் நானே கூப்பிட்டுக் கதைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி