ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

மத்தியதரைக் கடல் பாணியில் பாட்லக் வைக்கலாம், ஆளுக்கொரு உணவு செய்துகொண்டு வாருங்கள் என்றதும், "அப்போ வெறும் இலை தழைதானா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்டவர்கள்தான் இரண்டாம் முறை தட்டோடு முதலில் வந்து நின்றீர்கள். ரொம்ப சந்தோஷம்.

அத்தையின் ஹம்மஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, சிட்டிகை சமையல் சோடா போட்டுக் குழைய வேகவைத்து, எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறோடு அரைக்கும்போது கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டிருக்கிறார். அதில் வெண்ணெய் இருக்கிறதா என்று கேட்காத ஆளில்லை. அதைவிட, மூடிமேல் "இதில் எள் இருக்கிறது" என்று எழுதி ஒட்டி வந்தீர்களே, அத்தை, அதற்குத்தான் பெரிய நன்றி. எள் ஒவ்வாத குழந்தையின் அம்மா அன்று நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

தபூலே என்ற இலை சாலட்டைக் கொண்டுவந்த தோழிக்கும் ஒரு கும்பிடு. பலர் கோதுமை ரவையைக் குவித்து மேலே இலை தூவிவிடுகிறார்கள். இவர் செய்ததில் கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி இலைதான் முக்கால்வாசி. கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, பொடியாக நறுக்கியது. எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் தனி பாட்டிலில் வந்தன. பரிமாறும்போது கலந்ததால் இலை துவளவே இல்லை.

சித்தப்பா முன்கூட்டியே வந்து எங்கள் அடுப்பிலேயே கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு பாபா கனூஷ் என்ற மசியல் செய்தார். அடுப்பில் வழிந்த சாறு இன்னும் முழுதாகப் போகவில்லை. பரவாயில்லை, அந்தப் புகை வாசனைக்கு அது தகும்.

மீனையும் வெள்ளரிக்காய்த் தயிரையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக் கூடாது என்று மணி பார்த்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. திட்டு வாங்கியவர்கள் மன்னித்துவிடுங்கள், அவர் செய்தது சரிதான். "ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், அதற்காகக் குளிப்பாட்ட வேண்டாம், ஒரு மேசைக்கரண்டியே சுமார் 120 கலோரி" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை அதில் முக்கி எடுத்த டாக்டர் நண்பருக்கும் நன்றி!

யுனெஸ்கோ 2010-இல் இந்த உணவுமுறையை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, கூடி உண்பதையும் அதன் அங்கமாகவே எடுத்துக்கொண்டது என்று பெரியப்பா சொன்னார். பந்திக்கு நடுவே அவர் அதைச் சொன்னது பொருத்தமாக இருந்தது. இந்த உணவுகளில் பாதிக்கு மேல் ஆறினாலும் ருசி குறையாது. அதனால் சூடுபடுத்த யாரும் அடுப்படியில் மாட்டிக்கொள்ளவில்லை. விருந்து கொடுத்த நானே உங்களோடு உட்கார்ந்து, ஆற அமரச் சாப்பிட்டேன்.

கேக்கை விட்டுவிட்டு ஆரஞ்சு வில்லைகளில் பட்டைத்தூள் தூவிக் கொண்டுவந்த தம்பிக்கும், கேட்காமலே பாத்திரம் கழுவிய பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அப்புறம், நீல மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணமும் ஒரு மரக்கரண்டியும் இங்கேயே இருக்கின்றன. யாருடையது என்று சொன்னால் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்களை அழைத்தவள்