பட்டறைக்கு முந்தைய நாள் மாலை கதவைத் திறந்து வையுங்கள்

மென்பொருள் மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். போன முறை மாநாட்டுக்கு முந்தைய நாள் நீங்கள் நடத்திய பட்டறைகளில் ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து இரவு பஸ், காலையில் லாட்ஜில் ஒரு குளியல், ஒன்பதரைக்கெல்லாம் அறையில் இருந்தேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு சின்னச் செயலியை டாக்கரில் (செயலியையும் அதற்குத் தேவையானதையும் ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டுவது எப்படி என்பது தலைப்பு. மூன்று மணி நேரம். சொல்லிக்கொடுக்க வந்தவர் விஷயம் தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினொன்றேகால் வரைக்கும் அந்த அறையில் பாதிப் பேர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

என்ன நடந்தது என்று மேடைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

"எல்லாரும் இந்த இமேஜ்களை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார் ஆசிரியர். இமேஜ் என்றால் படம் இல்லை, டாக்கர் ஓட்டும் பொதிதான். அறையில் 60 பேர். இமேஜ்கள் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 1 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 ஜிபி. அரங்கத்து இணைப்பு 50 எம்பிபிஎஸ் என்றும், அது முழு வேகத்தில் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டாலும், எல்லாம் இறங்கி முடிய 2 மணி 40 நிமிடம் ஆகும். பட்டறையே 3 மணி நேரம்தான்! பத்து நிமிடத்தில் வைஃபை படுத்துவிட்டது. ஆளாளுக்குக் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டார்கள். அடுத்த பிரச்சினை பிளக் பாயிண்ட். எங்கள் வரிசையில் 12 பேருக்கு இருந்தது இரண்டு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு இடப்பக்கம் ஒரு கல்லூரி மாணவி. இறுதியாண்டு. அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி, விண்டோஸ். கட்டளை கொடுக்கும் கருப்புத் திரையில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்கிறது. மூடிவிட்டு மறுபடி தட்டுகிறார். மறுபடி ஸ்டோர். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை: பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பைத்தான் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்வது அதுதான், அதில் டிக் போடாமல் விட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அவர் கை தூக்கவில்லை. முன்வரிசையில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கு இன்னும் பைத்தானே ஓடவில்லை" என்று எழுந்து சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? டீ இடைவேளையில்தான் நான் கவனித்தேன். சரிசெய்து கொடுத்தேன். அப்புறம் பார்த்தால் டாக்கர் ஓட பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் ஆசிரியர் மூன்றாவது பகுதிக்குப் போய்விட்டார்.

வலப்பக்கம் இருந்தவர் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவர். கம்பெனி லேப்டாப். அதில் எதையும் நிறுவ அவருக்கு அனுமதி கிடையாது, பென் டிரைவ் செருகினாலும் ஏற்காது, பைத்தான் தொகுப்புகளை இறக்கும் 'பிப்' கட்டளை கொடுத்தால் சான்றிதழ் சரியில்லை என்று பிழைச் செய்தி. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்தார். பிறகு அலுவலக மெயிலைத் திறந்து பதில் போட ஆரம்பித்துவிட்டார்.

மாநாட்டு டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் கட்டித்தான் இந்த 60 பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அன்று கிடைத்தது ஒரு நீளமான உரை.

காசு வாங்காமல், சொந்த வேலையை விட்டுவிட்டு மாநாடு நடத்துகிறவர்களிடம் குறை சொல்வது எளிது என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்கிறேன். பட்டறைக்கு முந்தைய நாள் மாலை, ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, அதே அறையைத் திறந்து வையுங்கள். நிறுவல் வேலைக்கு மட்டும். வருகிறவர்களின் கணினியில் எல்லாம் ஓடுகிறதா என்று நான்கைந்து பேர் உட்கார்ந்து பார்த்து அனுப்பட்டும். மறுநாள் காலை ஆசிரியர் முதல் நிமிடத்திலேயே பாடத்தைத் தொடங்கலாம்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2014இல் பெர்லினில் நடந்த யூரோபைத்தான் என்ற ஐரோப்பியப் பைத்தான் மாநாட்டை ஒட்டி, ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரண்டு பேர் பெண்களுக்காக ஒரு இலவசப் பட்டறை நடத்தினார்கள். அதுதான் பிறகு ஜாங்கோ கேர்ள்ஸ் என்று பல நாடுகளுக்குப் போனது. (ஜாங்கோ என்பது பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் கருவி.) நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் ஒரே நாளில் ஒரு வலைத்தளத்தைக் கட்டி இணையத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் முறையில் இரண்டு விஷயம் முக்கியம். முந்தைய மாலையே நிறுவல் கூட்டம் ஒன்று வைத்து எல்லார் கணினியையும் தயார் செய்துவிடுவார்கள். மறுநாள் மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று மேசையிலேயே உட்காருவார். மேடை, மைக் எதுவும் தேவைப்படுவதில்லை.

அமெரிக்காவின் பைத்தான் மாநாடான பைகானிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே முதலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புகள், பிறகு மூன்று நாள் உரைகள், அதற்குப் பிறகு ஸ்பிரிண்ட் எனப்படும் கூட்டு நிரலாக்க நாட்கள். ஸ்பிரிண்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதற்கு முந்தைய மாலை ஒரு அறிமுக வகுப்பு வைக்கிறார்கள். கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), கணக்கு, சோதனைச் சூழல் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும்.

கை தூக்கக் கூச்சப்படும் பிரச்சினைக்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி தொடங்கினார்கள். சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, அதாவது மென்பொருள் தச்சு, என்று பெயர். அந்தப் பட்டறைகளில் ஆளுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுச் சீட்டு கொடுப்பார்கள். வேலை முடிந்தால் ஒரு நிறம், மாட்டிக்கொண்டால் இன்னொரு நிறம். மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவிட்டால் போதும். உதவியாளர் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யாரும் எழுந்து நின்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனரிக் கடையில் ஒரு கட்டு வாங்க எவ்வளவு ஆகிவிடும்? அந்த மாணவியின் கணினியில் சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தால் பத்து மணிக்கே யாராவது வந்திருப்பார்கள். வருகிறவர் தமிழில் பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பலர் வெளி மாநிலத்திலிருந்து வருகிறார்கள். ஆனால் பக்கத்தில் குனிந்து "எங்க மாட்டுது?" என்று கேட்பவர் நம் மொழியில் கேட்கலாமே.

இந்த 'வொர்க்‌ஷாப்'புக்குத் தமிழில் பயிலரங்கு என்றும் ஒரு சொல் இருக்கிறது. மரியாதையான சொல்தான். எனக்கென்னவோ பட்டறைதான் பிடிக்கும். கொல்லன் பட்டறையில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவனுக்கு இடமில்லை. ஒன்றும் தெரியாத பையன் கையிலும் துருத்தியைக் கொடுத்துவிடுவார்கள்.

இணைப்பு விஷயத்தில் செலவில்லாத வழிகள் உண்டு. தேவையான பைத்தான் தொகுப்புகளை 'பிப் டவுன்லோட்' கொடுத்து முன்கூட்டியே ஒரு கோப்புறையில் சேர்த்துவிடலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக இறக்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடக் கூடாது. டாக்கர் இமேஜ்களை 'சேவ்' கொடுத்துக் கோப்பாக்கிவிடலாம். புது மேக் கணினிகளில் இருப்பது ஏஆர்எம் என்ற வேறு வகைச் சில்லு, அதற்கான இமேஜ் தனி. எல்லாவற்றையும் பத்துப் பென் டிரைவில் போட்டு வரிசைக்கு இரண்டாகச் சுற்றில் விட்டால் வைஃபையை யாரும் தொட வேண்டியதே இல்லை. பென் டிரைவ் ஏற்காத கம்பெனி லேப்டாப்காரர்களுக்கு ஒரே மருந்து, சொந்தக் கணினியோடு வரச் சொல்லிப் பதிவுப் படிவத்திலேயே கொட்டை எழுத்தில் போடுவதுதான்.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். தலைப்பும் சுருக்கமும் போதாது. அரை மணிக்கு அரை மணி என்ன செய்யப் போகிறோம், அதில் கற்பவரின் கை எப்போது விசைப்பலகையில் இருக்கும் என்று எழுதிக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஐந்து பேரை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு வரச் சொன்னாலும் தப்பில்லை.

முந்தைய மாலைக்கு அரங்க வாடகை கூடும் என்பீர்கள். கூடத்தான் செய்யும். அரங்கம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகமோ, அலுவலகத்துச் சாப்பாட்டு அறையோ போதும். மேசை, நாற்காலி, மின்சாரம், இவ்வளவுதான் வேண்டும். கொஞ்சம் டீயும்.

ஆள் பற்றாக்குறை என்றால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமான இரவு பஸ்ஸுக்குப் பதில் அன்று காலை ரயிலிலேயே வந்துவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
போன முறை கடைசி வரிசையில் இருந்தவன்