தாழ்த்திய வண்டியும் பின் இருக்கைக்காரர்களின் முதுகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் சாலையின் வேகத்தடைகளால் தம் வண்டியின் பின் இருக்கையில் வருவோர் படும் பாட்டை விவரித்து, அவற்றை உடனே அகற்ற வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். தம்முடைய எஸ்.யூ.வி. இரண்டு அங்குலம் தாழ்த்தப்பட்டது, அதாவது தரைக்கு அருகில் நிற்கும்படி இறக்கப்பட்டது என்பதையும் அவரே போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அதே இரண்டு அங்குலத்தால் என் வீட்டிலேயே சங்கடம் கண்டவன் என்ற முறையிலும் என் கண் அந்த ஒரு வரியில்தான் நின்றது.

வேகத்தடைகளைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும் என்பது சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு. நம் ஊர்ப் பக்கம் இருப்பவற்றில் பல, வயல் வரப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து தார் பூசி வைத்தது போல் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. அதை நெடுஞ்சாலைத் துறை சரி செய்யத்தான் வேண்டும். ஆனால் அதே வேகத்தடையில் தாழ்த்தாத வண்டி குலுங்கிவிட்டுப் போகிறது. தாழ்த்திய வண்டியோ இடி விழுந்தது போல் அடி வாங்குகிறது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் சாலையில் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகன் சென்ற ஆண்டு, பின்புறம் பட்டை வைத்த பழைய வண்டி ஒன்றை வாங்கினான். லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் இலைவில்தான் அது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு பட்டைகள். பார்வைக்கு வண்டி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற ஆசையில், என்னிடம் சொல்லாமலே ஒரு பட்டறையில் விட்டு, இரண்டு பட்டைகளைக் கழற்றி, மீதியின் வளைவையும் தட்டிக் குறைத்துக் கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு நான் போய்க் கேட்டபோது, "அண்ணாச்சி, பட்டை கொறஞ்சா பஞ்சு மாதிரி போகும், நீங்க ஓட்டிப் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். ஒருவர் மட்டும் அமர்ந்து பாளையங்கோட்டைக்குள் ஓட்டிப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை போலத்தான் இருந்தது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பின்னால் நால்வர்; அவர்களில் ஒருவர் எண்பது வயதைக் கடந்த என் தாயார். பத்தமடையைத் தாண்டுவதற்குள் மூன்று முறை, அடியிலிருந்து யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்தது போன்ற சத்தம் கேட்டது. சேரன்மகாதேவியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிய தாயார், மீதி வழிக்குப் பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பியதும் சமதரையில் வண்டியை நிறுத்தி அளவுநாடாவை எடுத்தேன். பின் சக்கரங்களைத் தாங்கும் ஹவுசிங்குக்கும், மேலே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டியிருக்கும் ரப்பர் கட்டைக்கும் இடையே உள்ள இடைவெளியைத்தான் நான் பார்க்க விரும்பினேன். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஹவுசிங் மேலே வர அந்த இடம்தான் உண்டு. அதே வகை வண்டி, யாரும் கைவைக்காதது, எங்கள் தெருவில் ஒன்று நிற்கிறது. அதில் ஆள் இல்லாதபோது 9 சென்டிமீட்டர் இருந்தது. எங்கள் வண்டியில் 4 சென்டிமீட்டர். நால்வரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு மீண்டும் பார்த்தபோது இடையில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. பட்டையில் மூன்றில் ஒரு பங்கைக் கழற்றியதால் வில்லின் பலம் குறைந்து, அதே நால்வரின் எடைக்கு வண்டி முன்னைவிட அதிகமாக இறங்கியிருந்தது. அதாவது இடத்தையும் குறைத்து, அந்தக் குறைந்த இடத்தை விரைவாகத் தின்றுவிடும்படி வில்லையும் தளர்த்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு பின் இருக்கையில் இருப்பவர் வில்லின்மேல் பயணம் செய்யவில்லை. ரப்பர் கட்டையின்மேல் பயணம் செய்கிறார்.

தாழ்த்திய வண்டியை வைத்திருக்கும் எவரும் இதை ஒரு காசு செலவில்லாமல் சோதித்துக்கொள்ளலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை அந்த ரப்பர் கட்டையின் அடியில் கொஞ்சம் பூசிவிட்டு, வழக்கமான ஆட்களோடும் சுமையோடும் வழக்கமான சாலையில் போய்வர வேண்டும். திரும்பி வந்ததும் ஹவுசிங்கின்மேல் வெள்ளை படிந்திருந்தால், முதுகு வலிக்குக் காரணம் இருக்கையின் ஸ்பாஞ்ச் அல்ல என்பது தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் வெள்ளை படிந்தது மட்டுமல்ல, அடிபட்ட இடத்தில் பெயின்ட்டும் பெயர்ந்திருந்தது.

இதற்குப் பட்டறையில் சொன்ன பரிகாரம், அந்த ரப்பர் கட்டையையும் பாதியாக அறுத்துவிடலாம் என்பது. இடித்தால் இடிக்கிற பொருளையே அகற்றிவிடுவது என்ற கணக்கு. அதை நான் தடுத்துவிட்டேன். ஷாக் அப்சார்பர் உள்ளுக்குள் முட்டி உடையாமலும், இஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தரைத்தகட்டில் உரசாமலும், டயர் மட்கார்டில் ஏறாமலும் காப்பதற்காகத்தான் உற்பத்தியாளர் அந்தக் கட்டையை வைத்திருக்கிறார். இந்த மூன்றுக்கும் இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே அதன் உயரத்தைக் குறைக்கலாம். அதைவிட நல்லது, கெட்டி ரப்பருக்குப் பதிலாக நுரை போன்ற பாலியூரித்தேன் கட்டையைப் பொருத்துவது. தொட்ட முதல் நொடியிலேயே அது மெல்ல அமுங்கத் தொடங்கி, அமுங்க அமுங்க இறுகுவதால், சம்மட்டி அடி ஓர் அழுத்தமாக மாறிவிடுகிறது.

ஷாக் அப்சார்பர் தனிக் கதை. வண்டியைத் தாழ்த்தும்போது பெரும்பாலோர் பழைய ஷாக்கையே விட்டுவிடுகிறார்கள். உள்ளே போக ஐந்து சென்டிமீட்டர் குறைந்துவிட்ட நிலையில் அதன் தண்டு எப்போதும் அடிப்பக்கத்திலேயே வேலை செய்து, ஒரு பெரிய பள்ளத்தில் முட்டி, உள்ளே இருக்கும் வால்வு சிதைந்துவிடுகிறது. அதன்பின் ஒரு மேட்டில் ஏறிய வண்டி மூன்று முறை துள்ளித்தான் அடங்கும். தாழ்த்திய அளவுக்கு ஏற்ற நீளம் குறைந்த ஷாக்கை மாட்டுவது இதில் தவிர்க்கக் கூடாத செலவு.

பட்டைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பட்டறைகளில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில் வளையும். இடையில் துரு ஏறிவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே இரும்புப் பாளம்போல் ஆகி, சிறு கற்களும் சாலை ஒட்டுகளும் அப்படியே இடுப்புக்கு வந்து சேரும். பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, பட்டை முனைகளுக்கு இடையே வழுக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துக் கட்டினால் வரும் மாற்றத்தை வண்டி ஓட்டாதவரும் உணர்வார். பழைய இஞ்சின் ஆயிலை அடித்துவிடும் பழக்கத்தை நான் வகுப்பில் அடியோடு தடுத்து வந்தேன். பட்டை முனையில் கண் என்று சொல்லும் வளையத்துக்குள் இருக்கும் புஷ் ரப்பரை அது ஊதவைத்துக் கெடுக்கும். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு மணலில் ஓடும் வண்டியானால், அந்த ஆயிலில் மணல் ஒட்டிக்கொண்டு சாணைக்கல்லாகவே மாறிவிடும்.

புஷ்களையும் பார்க்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் பட்டையின் கண் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும்; வில் வளையும்போதெல்லாம் அது எதிர்த்துப் பிடிக்கும், சில மாதங்களில் கிழிந்தும் விடும். சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடையைத் தாங்கும்போதுதான் அந்த போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். அதோடு, வளைவு குறைந்த பட்டை நீளத்தில் சற்றுக் கூடும் என்பதால் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற அசையும் துண்டு பின்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அது சேசிஸில் போய் முட்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வண்டிக்கு உரிய டயர் 215/75 ஆர்15; அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு. அதன் பக்கச்சுவர் ஏறக்குறைய 161 மில்லிமீட்டர். மகன் மாட்டியிருந்தது 235/50 ஆர்18. அதில் 118 மில்லிமீட்டர்கூட இல்லை. சாலையிலிருந்து வரும் அடியை முதலில் வாங்கும் வில் டயரின் பக்கச்சுவர்தான்; அதில் நாலு சென்டிமீட்டரைக் காசு கொடுத்து இழந்திருந்தோம். போதாததற்கு, பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்துவிடுகிறார்கள். ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று பல வண்டிகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக் காற்று வைப்பதுதான் முதல் வைத்தியம்.

சொகுசோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பல பிக்கப்களிலும் பட்டை வைத்த வண்டிகளிலும் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள உயரத்தை வைத்துத்தான் அது சுமையைக் கணிக்கிறது. வண்டியைத் தாழ்த்தி அதைச் சரி செய்யாமல் விட்டால், காலி வண்டியையும் அது பாரம் ஏற்றிய வண்டி என்றே எண்ணிப் பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக்கைக் கொடுக்கும். மழை நாளில் பின்புறம் வழுக்கிக்கொண்டு போகும்.

இனோவாவைப் போலப் பின்புறம் சுருள் வில் வைத்த வண்டிகளில் தவறு வேறு விதமாக நடக்கிறது. அங்கே சுருளில் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். வேலை செய்யும் சுற்றுகள் எட்டு இருந்து ஏழானால் வில்லின் விறைப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். விறைப்பும் கூடி இடமும் குறைந்தால் பின்னால் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தாழ்த்துவதற்கென்றே தயாரித்த, முதலில் மென்மையாகவும் அமுங்க அமுங்க விறைப்பாகவும் வேலை செய்யும் சுருள்கள் கிடைக்கின்றன. வேண்டுமானால் அதை வாங்கட்டும். அமெரிக்காவில் பிக்கப்களை மிகவும் தாழ்த்துவோர், ஹவுசிங் ஏறுவதற்கு இடம் கிடைக்க அதற்கு நேர் மேலே சேசிஸையே வளைவாக வெட்டி, கனமான தகட்டால் வலுவூட்டி விடுவதுண்டு. அதை இங்கே தெருவோர வெல்டிங்கில் செய்து தருவதாகச் சொல்வோரிடம் யாரும் போக வேண்டாம். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பது ஒருபுறமிருக்க, முறிந்த சேசிஸைத் தாங்கப் பின் இருக்கையில் இருப்பவர்கள்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வண்டிக்கு என்ன செய்தோம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். கழற்றிய இரண்டில் ஒரு பட்டையைத் திரும்பச் சேர்த்து, மற்றவற்றுக்கு வளைவு ஏற்றியதில் வண்டி மூன்று சென்டிமீட்டர் எழுந்தது. பட்டைகளுக்கு இடையே துருவை எடுத்து கிரீஸ் வைத்தோம். நுரைக் கட்டைகளும் நீளம் குறைந்த ஷாக்குகளும் புதிதாக மாட்டினோம். பிரேக் வால்வின் கம்பியைத் திருத்தினோம். பதினெட்டு அங்குலச் சக்கரத்தை மட்டும் மகன் விட்டுத் தரவில்லை. அதில் நான் தோற்றேன். சாலையில் பார்ப்பவருக்கு வண்டி இன்னும் தாழ்ந்துதான் தெரிகிறது என்பதில் அவனுக்கும் குறை இல்லை. ஆடி மாதம் அதே நால்வரோடு அம்பாசமுத்திரம் போய்வந்தபோது ரப்பர் கட்டைக்குப் பதில் நுரைக் கட்டையில் சுண்ணாம்பு தடவியிருந்தேன். ஹவுசிங்கில் ஓர் இடத்தில் மட்டும், விரலால் தொட்டு வைத்தது போல் லேசான வெள்ளை இருந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு முன்பு ஒரு வேகத்தடையில் பட்டிருக்க வேண்டும்.

கடிதம் எழுதிய அன்பரும் தம் வண்டியில் ஒருமுறை சுண்ணாம்பு தடவிப் பார்க்கட்டும். வெள்ளை படியாமலே முதுகு வலித்தால், வேகத்தடைகளைத் திருத்தக் கோரி அவர் எழுதும் அடுத்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.