14ஆம் நம்பர் கட்டிலிலிருந்து ஒரு நன்றி மடல்

2021 மே மாதம் எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. கவச உடையின் முதுகில் பேனாவால் எழுதியிருந்த பெயர்கள் மதியத்துக்குள் கலைந்துவிடும். உங்களுக்கும் என் அப்பாவின் பெயர் நினைவிருக்காது. 14ஆம் நம்பர் கட்டில், 63 வயது, சர்க்கரைக்காரர், முகமூடியைக் கழற்றிக் கழற்றி "நாற்றங்காலுக்குத் தண்ணி வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் என்றால் ஒருவேளை ஞாபகம் வரலாம். அவர் நன்றாக இருக்கிறார். போன மாதம் என் மகளின் காதுகுத்தில் பந்தியில் நின்று அவரே சாம்பார் ஊற்றினார்.

இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே எனக்கு அப்போது புரியவில்லை. அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். எல்லாத் தாளிலும் பேச்சு ஒன்றுதான்: வெள்ளையணுக்கள்.

முதல் நன்றி, மே 13ஆம் தேதி காய்ச்சல் முகாமில் உட்கார்ந்திருந்த டாக்டர் அம்மாவுக்கு. அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி அது ஐந்தாம் நாள். எங்கள் கையில் ஒரு மாத்திரைக் கவர் இருந்தது. பக்கத்து கிளினிக் ஒன்றில் மூன்றாம் நாளே கொடுத்தது. நீங்கள் அதை மேசையில் கொட்டி, ஒரே ஒரு பட்டையை மட்டும் தனியாக எடுத்து ஓரமாக வைத்தீர்கள். "இது ஸ்டீராய்டு. இப்போ வேண்டாம். ஆக்சிஜன் 96 இருக்கு. ஆறு நிமிஷம் நடக்கவைத்துப் பாருங்க, 94க்குக் கீழே போனா உடனே கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். நான் உங்களோடு சண்டை போட்டேன். தெரிந்தவர் வீட்டில் எல்லாம் ஸ்டீராய்டு போட்டுத்தான் பிழைத்தார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கத்தினேன். என்னை மன்னிக்க வேண்டும்.

அன்றைய தாளைப் பார்த்தால் இப்போது எனக்கே தெரிகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் மொத்த வெள்ளையணுக்கள் 3,900. அதில் லிம்ஃபோசைட் என்ற வகை 20 சதவீதம், அதாவது எண்ணூறுகூட இல்லை. ஆயிரத்துக்குக் கீழே இறங்கினாலே குறைவு என்பார்கள். 2003இல் வந்த சார்ஸ் நோயிலும், கடுமையான ஃபுளூவிலும் இதே மாதிரி லிம்ஃபோசைட் இறங்கியதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சில அணுக்கள் இரத்தத்தை விட்டு நுரையீரலுக்குப் போய்விடுகின்றன, சில மடிந்துவிடுகின்றன. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது டி லிம்ஃபோசைட் செய்யும் வேலை. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்தால், ஏற்கெனவே ஆள் குறைந்துபோன அந்தப் படையின் கையையும் கட்டிப்போட்ட மாதிரி. அப்பாவுக்கு அது நடக்காமல் தடுத்தது அன்றைக்கு நீங்கள் சொன்ன "வேண்டாம்".

மே 16 சாயங்காலம் ஆக்சிஜன் 91. கட்டில் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை வண்டியிலேயே சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆம்புலன்ஸ் அண்ணனுக்கு என் நன்றி.

அன்று ராத்திரி வார்டு டாக்டர் தம்பி (என்னைவிட இளையவர், அதனால் அப்படிச் சொல்கிறேன்) டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் எழுதினார். அதுவும் ஸ்டீராய்டுதான்! மூன்று நாள் முன்னால் கூடாது என்றது இன்றைக்கு எப்படி மருந்தாகும் என்று நான் திகைத்து நின்றேன். நீங்கள் நடைபாதையில் நின்றபடியே சொன்னீர்கள்: "அக்கா, இப்போ சண்டை வைரஸோட இல்லை. அப்பா உடம்போட வெள்ளையணுக்கள் நுரையீரல்ல அளவுக்கு மீறி இறங்கியிருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. நுரையீரலின் காற்றுப்பைகளில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் அணுக்கள் எப்போதும் இருக்கின்றன. தொற்று வந்தால் அவை சைட்டோகைன் என்னும் வேதிச் செய்திகளை அனுப்பி மற்ற அணுக்களை அழைக்கும். முதலில் ஓடிவருவது நியூட்ரோஃபில். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. இரத்தத்தில் அவற்றின் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. கையில் இருக்கும் நொதிகளை எல்லாம் கொட்டிவிட்டு, சில சமயம் தன்னுடைய டி.என்.ஏ.வையே வலையாக வீசி அவை சாகின்றன. பாக்டீரியா என்றால் அது மிக நல்ல ஆயுதம். காற்றுப்பையின் சுவரோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலம். அங்கே அந்த நொதி கொட்டினால் சுவர் அரித்து, நீர் கசிந்து, காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். இன்னும் ஆள் வேண்டும் என்று அழைப்பு போய்க்கொண்டே இருக்கும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே சொன்னார்: "வைக்கோல்போர் பத்திக்கிட்டா ஊரே குடத்தோட ஓடி வரும். நெருப்பு அணைஞ்ச பிறகு பாத்தா, பக்கத்து நாத்தங்கால் மிதிபட்டுச் சேறா கிடக்கும். அதுக்காக ஓடி வந்தவங்கள குத்தம் சொல்ல முடியுமா?" எனக்கும் அந்த அணுக்கள் மேல் கோபம் இல்லை. நெருப்பு அடங்கிய பிறகும் வந்துகொண்டிருந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பியதுதான் டெக்ஸாமெத்தசோன்.

அந்த மருந்து இத்தனையாம் நாள், இந்த அளவு என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததற்குப் பின்னால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் முன்னின்று நடத்திய ரெகவரி ஆய்வில், 2,104 நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். 2020 ஜூன் 16 அன்று முதல் முடிவு வெளிவந்தது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஐந்தாம் நாள் "வேண்டாம்", எட்டாம் நாள் "வேண்டும்" என்ற இரண்டு பதிலும் அதற்குள் இருக்கின்றன. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், எந்தச் சிகிச்சை நமக்கு விழும் என்று தெரியாமலேயே ஆய்வுக்குச் சம்மதம் சொன்ன அந்த 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பலர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், லேப் அக்கா. உங்களுக்கு யாருமே நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மே 20ஆம் தேதி. வெள்ளையணுக்கள் 14,800, நியூட்ரோஃபில் 89 சதவீதம். நடைபாதையில் யாரோ "இன்ஃபெக்ஷன் ஏறிடுச்சு" என்று சொன்னதைக் கேட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் தம்பி இயந்திரம் கொடுத்த எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் ஸ்லைடு பார்க்கச் சொன்னார். மணி இரவு இரண்டு இருக்கும். நீங்கள் கண்ணாடியில் ஒரு துளி இரத்தம் தடவி, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்நோக்கியில் கண் வைத்து, எண்ணும் பொத்தானைத் தட்டிக்கொண்டே நூறு அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாம் முத்தின அணுதான்மா, பிஞ்சு இல்லை. இது ஸ்டீராய்டு ஏத்தினதா இருக்கும்" என்றீர்கள். பாக்டீரியா புதிதாகத் தொற்றியிருந்தால் மஜ்ஜை அவசரத்தில் பிஞ்சு அணுக்களையும் அனுப்பும், அணுக்களுக்குள் கரும்புள்ளிகள் தெரியும் என்று பிறகு படித்தேன். ஸ்டீராய்டோ இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த அணுக்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டும். மறுநாள் காலை டாக்டர் மற்ற பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு, புதிதாக ஆன்டிபயாட்டிக் எதுவும் சேர்க்கவில்லை.

உங்கள் கையில் இருந்த அந்த ஊதாவும் இளஞ்சிவப்புமான வேலைக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது, அக்கா. 1870களின் கடைசியில் பால் எர்லிச் என்ற ஜெர்மன் மருத்துவர் சாயங்களைக் கொண்டுதான் வெள்ளையணுக்களை வகை பிரித்தார். 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் அலைந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றதைக் கண்டார். இருவருக்கும் 1908இல் நோபல் பரிசு சேர்ந்தே கிடைத்தது. இதைப் படித்த இடத்தில் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது, அதாவது முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள்.

சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் அப்பாவின் சர்க்கரை 380ஐத் தொட்டது. அந்த மாதம்தான் கருப்புப் பூஞ்சை பயம் எங்கும் பரவியிருந்தது. சர்க்கரை ஏறினால் நியூட்ரோஃபில் மந்தமாகிவிடும், பூஞ்சையை விரட்ட வேண்டிய அணுவே அதுதான். நீங்கள் விரலில் குத்திக் குத்தி, இன்சுலின் அளவை மாற்றி மாற்றிப் போட்டீர்கள். மூக்கு அடைப்பு இருக்கா, கன்னம் வலிக்குதா, கண் வீங்குதா என்று தினம் கேட்டீர்கள். அப்பா அலுத்துக்கொண்டபோதும் கேட்டீர்கள். குப்புறப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரை, "வரப்புல படுக்கலையா நீங்க, அப்படி நினைச்சுக்குங்க அய்யா" என்று சொல்லிப் படுக்கவைத்த சிஸ்டருக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

மே 26இல் லிம்ஃபோசைட் 18 சதவீதம் வந்தது. மொத்தம் 11,000. அந்தத் தாளில் டாக்டர் தம்பி பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "நல்லது" என்று எழுதியிருக்கிறார். ஜூன் 2இல் அப்பா வீட்டுக்கு வந்தார்.

பக்கத்து 15ஆம் நம்பர் கட்டில்காரர் வரவில்லை. அவருக்கும் நீங்கள் இதே அளவு பாடுபட்டதைப் பார்த்தேன். அவர் மனைவியிடம் பேச நீங்கள் வெளியே வந்தபோது உங்கள் கை நடுங்கியதையும் பார்த்தேன், டாக்டர் தம்பி. அதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்த வட்டம் போட்ட தாள் மட்டும் இப்போது மஞ்சள் பையில் இல்லை. அப்பா அதை நிலப்பட்டாவோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
14ஆம் நம்பர் கட்டில்காரரின் மூத்த மகள்