‘அங்கே வைக்காதீர்கள்’ என்றவர்களுக்கு நன்றி

பென்சில்வேனியாவில் பிளாக்லிக் ஓடையை ஒட்டி, பழைய ரயில் பாதையில் செல்லும் நடைத்தடமான கோஸ்ட் டவுன் டிரெயிலில் ஜியோகேச் பெட்டிகள் (இணையத்தில் தரும் ஆயத்தொலைவைக் கொண்டு ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் பெட்டிகள்) வைக்கத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம். பெரும்பாலும் உங்கள் உதவி ‘வேண்டாம்’ என்ற சொல்லாகவே வந்தது. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இண்டியானா, கேம்ப்ரியா கவுண்டிகளில் தடத்தைப் பராமரிப்பவர்களுக்கு. தண்டவாளம் போய்விட்ட பழைய ரயில் தடம் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் தோன்றும். ஒவ்வோர் அடிக்கும் உரிமையாளர் உண்டு. அனுமதி தந்தது மட்டுமல்ல, இடத்தையும் திருத்தினீர்கள். தடத்துக்கு அடியில் செல்லும் சிறுபாலக் குழாய் வேண்டாம்: கோடையில் வறண்டு கிடக்கும், பனி உருகும்போது பெட்டி ஓடையோடு போய்விடும். சாந்து பூசாத பழைய கற்சுவர் வேண்டவே வேண்டாம். தேடுபவர் ஒரு கல்லை உருவுவார், அடுத்தவர் இரண்டை உருவுவார், சுவர் சரியும். ஓடைப் பக்கச் சரிவும் ஆகாது. நிலக்கரிக் கசடு கொட்டிய மேட்டில் கால் நிற்காது. மேட்டுப் பக்கம், விழுந்த மரத்தின் வேர் மறைவில், மண்ணைத் தோண்டாமல், சுள்ளிகளால் மூடி வைப்பதே சரி.

இரண்டாவது, இணையத்தில் வெளியிடும் முன் சம்பளமில்லாமல் ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்க்கும் பரிசீலகர்களுக்கு. பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் வேண்டும் என்பது தெரிந்த விதிதான். ஒரு பெட்டி அடுத்ததற்கு வழிகாட்டும் பலகட்டத் தேடலில் நடுவே வரும் பெட்டிக்கும் அது பொருந்தும் என்பதைப் பலர் மறப்பார்கள். விநாடியைத் தசம நிமிடமாக எழுதிவிடும் பிழையும் அடிக்கடி நடக்கும்: அட்சரேகையில் 30 விநாடி என்றால் .500 நிமிடம், அதை .030 என்று எழுதினால் சுமார் 870 மீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தக் கரையில் நிற்க வேண்டியதுதான். பாறையை வெட்டித் தடம் போட்ட பகுதியில் ஜிபிஎஸ் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்புவதால் அளவு அலையும். அங்கே வெவ்வேறு நாட்களில் அளந்து சராசரி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கதை சொன்ன ஊர்ப் பெரியவர்களே, உங்களுக்குத்தான் பெரிய கடன். வின்டன்டேலில் இருக்கும் எலைசா இரும்பு உலை 1840-களில் எழும்பி, அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே அணைந்தது. உச்சியில் வெப்பக் காற்றுக் குழாய்கள் இன்றும் இருக்கின்றன. உலை முதலாளி டேவிட் ரிட்டர் அங்கே தூக்கிட்டுக்கொண்டார், அவர் ஆவி உலவுகிறது என்பது வழிவழிக் கதை. ‘கதை என்றே எழுதுங்கள், வரலாறு என்று எழுதாதீர்கள்’ என்றீர்கள், அப்படியே எழுதியாயிற்று. உலையில் பெட்டியும் கிடையாது. பார்த்து எண்ண வேண்டியதை எண்ணி, அடுத்த இடத்தின் ஆயத்தொலைவைக் கணக்கிட வேண்டும். வெஹ்ரம் பக்கம் பேய் விளையாட்டே வேண்டாம் என்றதும் நியாயம்: 1909 சுரங்க வெடிவிபத்தில் 21 பேர் இறந்த ஊர் அது. ஓடை செம்மஞ்சளாக ஓடுவது எந்தச் சாபத்தாலும் அல்ல, கைவிட்ட சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புதான் என்பதையும் பெட்டிகளின் இணையப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். (குழந்தைகளுக்குச் சாபக் கதைதான் பிடிக்கும். என்ன செய்ய!)

தேடிய பெட்டி கிடைக்கவில்லை என்று இணையப் பக்கத்தில் நேர்மையாகப் பதிந்தவர்களுக்கும் நன்றி. தொடர்ந்து இரண்டு மூன்று பதிவுகள் அப்படி வந்தால்தான் பெட்டி போய்விட்டதோ என்று பார்க்கத் தோன்றும். தேடிக் கிடைக்காதபோது புதுப் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும் அன்பர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அதைச் செய்யாதீர்கள். பழையது அங்கேயே இருக்கும், இடத்தில் இரண்டாகிவிடும்.

பழைய ராணுவத் தோட்டாப் பெட்டிகள் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை. எழுத்துகளை வண்ணம் பூசி மறைத்து ‘ஜியோகேச்’ என்று ஒட்டிக் கொடுத்தீர்கள். இல்லையென்றால் வெடிகுண்டு என்று யாராவது போலீஸை அழைத்துவிடுவார்கள். இந்தப் பெட்டியில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் பதிவேட்டை வைத்த பையின் விளிம்பு மூடியின் ரப்பர் வளையத்தில் சிக்கிக்கொள்வது. மூடும் முன் விரலால் ஒருமுறை வளையத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே பென்சில் போதும். பேனா குளிரில் எழுதாது, ஈரத்தில் மை கரையும். தின்பண்டம் மட்டும் வைக்க வேண்டாம். கரடி மோப்பம் பிடித்துவிட்டால் எந்தப் பூட்டும் நிற்காது.

வேட்டைப் பருவத்தில் தேட வருகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோடு வாருங்கள். திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பைப் பார்க்க மறக்காதீர்கள்.

நன்றியுடன்,
பெட்டிகளைப் பராமரிப்பவர்கள்