குருமடத்திலிருந்து வந்த மகனுக்கு

அன்பு மகனே,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பங்குச் சாமியார் உன்னைக் கோவில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கச் சொன்னதற்கு, "குருவாகிற அழைத்தலைப் பாதியில் விட்டுட்டு வந்தவன்மா நான், எனக்கு என்ன தகுதி இருக்கு" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குருவாகப் பயிற்சி கொடுக்கிற குருமடம், உள்ளே வந்த எல்லாரையும் குருவாக்கி அனுப்புகிற இடம் இல்லை என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். மெய்யியல், இறையியல் என்று முழுதாக ஆறு வருடம் படிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்வது வெறும் பாடத்துக்காகவா? குருவாவதற்கு முந்தின படியான திருத்தொண்டர் பட்டம் வாங்குவதற்கு முன்னால், யாரும் வற்புறுத்தாமல் என் சொந்த மனதோடு இதை ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆயரிடம் கொடுக்க வேண்டும் என்று நீதானே எனக்குச் சொன்னாய். அந்தத் தாளில் மனசாரக் கையெழுத்துப் போட உன்னால் முடியாது என்று தெரிந்ததும் உன்னை வழிநடத்தின ஆன்ம குருவிடம் போய்ப் பேசினாய், மாதக்கணக்கில் செபித்தாய், அப்புறம்தான் வெளியே வந்தாய். கடவுளின் விருப்பம் எது என்று தெளிந்து தேர்தல் என்று அங்கே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ, அம்மா முகம் வாடிவிடுமோ என்று நினைத்துப் பீடத்தில் போய் நின்றிருந்தாய் என்றால், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கும்.

பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுடைய அப்பா லூயி மார்ட்டின், ஆல்ப்ஸ் மலையில் இருந்த ஒரு துறவு மடத்தில் சேரப் போனார். லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா செலி கன்னியராகப் போக ஆசைப்பட்டார், அவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1858-ல் இவர்கள் இரண்டு பேருக்கும் திருமணம் நடந்த அன்று, செலி மடத்தில் இருந்த தன் அக்காவைப் பார்க்கப் போய் அழுது தீர்த்தார். அந்த வலி பொய்யில்லை, உன் வலியும் பொய்யில்லை. ஆனால் அப்புறம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பார். அவர் கடிகாரக் கடை வைத்திருந்தார், அந்தம்மா லேஸ் பின்னும் தொழில் செய்தார். விடியற்காலைப் பூசைக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு வியாபாரம் போனாலும் கடையைத் திறக்க மாட்டார்கள். பெற்ற ஒன்பது பிள்ளைகளில் நான்கைச் சின்ன வயதிலேயே அடக்கம் செய்தார்கள். செலி புற்றுநோயில் இறந்தபோது தெரேசாவுக்கு நாலு வயது. 2015-ல் திருச்சபை அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புனிதர் பட்டம் கொடுத்தது; கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அப்படி உயர்த்தியது அதுதான் முதல் முறை. மடத்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், மகனே!

உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் ஐந்தாம் அதிகாரம் முழுக்க, தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. துறவிகளைப் பற்றிய அதிகாரம் அதற்குப் பிறகு, ஆறாவதாக வருகிறது. அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உன்னைத் திருமுழுக்குத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே கிடைத்த அழைப்பு அது, நீ பாதியில் விட்டதாகச் சொல்கிற அழைத்தலுக்கெல்லாம் முந்தையது. குருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. குருக்கள் பூசையில் நமக்குத் தருகிற நற்கருணை இல்லாமல் நாம் என்ன ஆவோம்? உன்னோடு படித்தவர்கள் பட்டம் வாங்கும்போது அவர்களுக்காகச் செபமாலை சொல்கிறேன், நீயும் சொல்லு, பொறாமையோ வெட்கமோ இல்லாமல் அவர்கள் முதல் பூசைக்குப் போய் நில்லு.

ஆனால் ஒரு விஷயத்தில் உன்னோடு எனக்கு வருத்தம் உண்டு. ஞாயிறு பூசைக்குப் போய்க் கடைசியில் நின்றுவிட்டு நற்கருணை வாங்காமல் வருகிறாய், காலைச் செபத்தையும் விட்டுவிட்டாய். செபத்தில் மனம் ஒட்டாத ஆன்ம வறட்சி வந்திருக்கும்போது, முன்னால் எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்று புனித இஞ்ஞாசியார் சொன்னதை நீதான் எனக்கு விளக்கினாய். அதை இப்போது உனக்கே சொல்லிக்கொள். பாரமாக ஏதாவது இருந்தால் பாவசங்கீர்த்தனம் செய். பழைய ஆன்ம குருவிடமே பேசினாலும் சரி, அங்கே பக்கத்தில் வேறு யாரையாவது பார்த்தாலும் சரி, தனியாக மட்டும் கிடக்காதே.

திருமணப் பேச்சை நான் இப்போது எடுக்கப் போவதில்லை, அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அது உனக்கும் ஆண்டவருக்கும் தெளிவாகட்டும்.

மறைக்கல்வி விஷயத்துக்கு வருகிறேன். விவிலியத்தை இத்தனை வருடம் உட்கார்ந்து படித்தவன் நீ. அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல்தானே சாமியார் உன்னிடம் வந்து கேட்டார்? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரைப் பார்த்துச் சரி என்று சொல்லு. எந்த வகுப்பு கொடுத்தார் என்று சாயங்காலம் போன் பண்ணு.

செபத்துடன்,
அம்மா